சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்

உடுத்திய வரலாறு: அமெரிக்கா – பகுதி 17

புரூக்ஸ் பிரதர்ஸ் நியூயார்க்கில் 1818 முதல் நடந்துவரும் ஆடைக் கடை. அமெரிக்க ஜனாதிபதிகள் பலர் அங்கே கோட்டு வாங்கியவர்கள். அந்தக் கடைக்கு 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை விற்றார். அவருக்குச் சரக்கு கொடுத்தவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர்; பின்னாளில் லீலா ஓட்டல்களைக் கட்டிய அதே நாயர். கெஜம் ஒரு டாலர் என்று விலை பேசி முடித்த கையோடு, இது சாயம் ஓடும் துணி, பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்றும் அவர் சொல்லி அனுப்பினார். அந்த எச்சரிக்கை ஜேக்கப்சனைத் தாண்டிப் போகவில்லை. வாங்கியவர்கள் சட்டைகளை வாஷிங் மெஷினில் போட்டார்கள். சிவப்பு மஞ்சளில் ஏறியது, நீலம் வெள்ளையில் இறங்கியது. வாடிக்கையாளர் கடையைப் பிடிக்க, கடை ஜேக்கப்சனைப் பிடிக்க, வழக்குப் போடுவேன் என்ற மிரட்டல் நாயர் வரைக்கும் வந்து சேர்ந்தது. நஷ்டஈட்டில் முடிய வேண்டிய சமாசாரம் விளம்பரத்தில் முடிந்தது. இளம்பெண்களுக்கான ‘செவன்டீன்’ பத்திரிகை, சலவைக்குச் சலவை புது நிறம் காட்டும் இந்திய அதிசயம் என்று அந்தத் துணியைப் புகழ்ந்து எழுதியது. இதற்குச் சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விளம்பரங்கள் வந்தன. 1960-களின் கோடைகாலங்களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் பலரின் தோளில் மெட்ராஸ் கட்டம் இருந்தது.

இதை நாயர் தம் முதுமையில் பலரிடம் சொல்லியிருக்கிறார். சரக்கு விற்கத் தெரிந்தவர் சொன்ன கதை, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் விளம்பரங்கள் நிஜம், மோகமும் நிஜம். அதே மாதிரிக் கட்டம் தமிழ்நாட்டில் கைலி. குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் தறியில் இறங்கி, மூட்டை தூக்குபவர் இடுப்பிலும் மீன் விற்பவர் இடுப்பிலும் ஏறியது. அங்கே சாயம் ஓடினால் அது மட்டச் சரக்கு, பேரம் பேசி விலையைக் குறைக்க ஒரு காரணம். கடல் தாண்டியதும் அதே குறைக்கு விலை கூடியது. சட்டையின் உள்பக்கம் புரூக்ஸ் பிரதர்ஸ் பெயர் தைத்திருந்ததால், அதை உடுத்தியவரை ஏழை என்று எவரும் எண்ணிவிட வழியில்லை. குறையும் வறுமையும் எப்போது நாகரிகமாகின்றன என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதில்தான் இருக்கிறது: உடுத்தியவர் ஏழையில்லை என்று வேறொருவர் ஜாமீன் கொடுக்கும்போது. ஜாமீன்தாரர் காலத்துக்குக் காலம் மாறுகிறார். ஒருமுறை கல்லூரி, ஒருமுறை கடை, ஒருமுறை கம்பெனி. ஜாமீன் இல்லாதவர் உடம்பில் அதே கந்தல் கந்தலாகவே இருந்துவிடுகிறது.

முதல் ஜாமீன்தாரரைப் பார்க்க நியூ ஜெர்சிக்குப் போக வேண்டும். இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். 1912-இல் அங்கே கடைசி ஆண்டு மாணவர் சிலர், பீர் நுரை சிந்தி நல்ல கோட்டெல்லாம் கறையாகிறதே என்று, கூலித் தொழிலாளிகள் போடும் முரட்டு மேலங்கியையும் ஓவராலையும் வாங்கி மாட்டிக்கொண்டு குடிக்க உட்கார்ந்தார்கள். அது அப்படியே பிடித்துப்போய் ‘பீர் சூட்’ என்று பெயர் பெற்றது. அதன் வழிவந்த ஜாக்கெட்டுதான் இன்றும் பட்டம் வாங்கும் வகுப்பின் சின்னம். மறு ஆண்டு பிப்ரவரியில், அதே மாநிலத்தின் வடக்கே பேட்டர்சன் நகரப் பட்டு ஆலைகளில் ஏறத்தாழ 25,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு தறி பார்த்தவர் இனி நான்கு தறி பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் சொன்னது ஒரு காரணம், எட்டு மணி நேர வேலை ஒரு கோரிக்கை. ஜூன் 7 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தங்கள் போராட்டத்தையே மேடையில் நடித்துக் காட்டினார்கள். நகரத்து அறிவாளிகள் கைதட்டினார்கள். வேலைநிறுத்த நிதிக்குச் சல்லிக்காசு மிஞ்சவில்லை, கோடை முடிவதற்குள் போராட்டமும் தோற்றது. பிரின்ஸ்டன் பையன்கள் பேட்டர்சனைக் கேலி செய்யவில்லை, பெரும்பாலும் அதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதுதான் கவனிக்க வேண்டியது. தொழிலாளியின் சட்டை அவர்கள் மேல் வேடிக்கையாகத் தெரிந்ததற்குக் காரணம், எந்த மேஸ்திரியும் அவர்களை நான்காவது தறிக்கு அழைக்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1965-இல் ஜப்பானிய ஆடைக்காரர்கள் இந்தக் கல்லூரிகளின் நாகரிகத்தைப் படம் பிடிக்கக் கேமராவோடு வந்தபோது, கச்சிதமான கோட்டு சூட்டை எதிர்பார்த்தவர்களுக்கு விளிம்பு நைந்த அரைக்கால்சட்டைகள் தென்பட்டன. ‘டேக் ஐவி’ என்ற அந்தப் புகைப்படப் புத்தகம் பிறகு அந்த அலட்சியத்தையே உலகத்துக்குப் பாடமாக்கியது.

இதற்கெல்லாம் முன்பே ஒருவர் இதன் நூல்முனையைப் பிடித்திருந்தார். பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்ளன் 1899-இல் வெளியிட்ட ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ நூலை, பணக்காரர் பகட்டைப் பற்றிய நூல் என்றே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதில் இன்னொரு வாதமும் உண்டு. இயந்திரத்தில் செய்த பொருள் பிசிறில்லாமல் வருகிறது, மலிவாகவும் வருகிறது. ஆகவே பிசிறில்லாமை மலிவின் அடையாளமாகிவிட, கையால் செய்ததன் கோணலும் மேடுபள்ளமும் கௌரவமாகிவிடுகின்றன என்கிறார். லண்டனில் வில்லியம் மாரிஸ் நடத்திய கெல்ம்ஸ்காட் அச்சகத்தின் பழம்பாணிப் புத்தகங்களை அவர் உதாரணம் காட்டினார். மெட்ராஸ் துணி அமெரிக்காவில் ஏன் சரியாக அந்தப் பத்தாண்டில் பிடித்துக்கொண்டது என்பதற்கு இது பொருந்துகிறது. 1953-இல் புரூக்ஸ் பிரதர்ஸே டேக்ரான் செயற்கை இழை கலந்த, இஸ்திரி தேவையில்லாத சட்டையைக் கொண்டுவந்திருந்தது. சில வருடத்தில் எந்தக் குமாஸ்தாவும் எந்த விற்பனையாளரும் கசங்காமல் மடிப்புக் கலையாமல் அலுவலகம் போக முடிந்தது. எல்லாரும் மொடமொடப்பாக நிற்கும் இடத்தில் கசங்கியவர்தான் தனித்துத் தெரிவார். (1951-இல் ஹாத்தவே சட்டைக்கு டேவிட் ஓகில்வி எடுத்த விளம்பரத்தில், மாடல் ஒரு கண்ணை மூடிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார். சட்டையில் குறை வைக்கத் துணியாத காலம், ஆளிடம் வைத்துப் பார்த்தார்கள்.) வெப்ளன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கோணல் கௌரவமாக வேண்டுமானால், இவர் நேரானதையும் வாங்க வல்லவர் என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வெப்ளன் 1906 முதல் 1909 வரை ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்தியவர், 1929-இல் பக்கத்து மென்லோ பார்க்கில் இறந்தவர். அவர் விட்ட மிச்சத்தை அதே ஊர் பிறகு எழுதியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எளிய உடை எல்லாமே வேடமா? காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் தொப்பியையும் சட்டையையும் துறந்து குடியானவனின் அரைத்துண்டுக்கு மாறியது வேடமா? மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர்களைப் பதிவு செய்யப் போன எஸ்.என்.சி.சி. என்ற உரிமைப் போராட்ட அமைப்பின் மாணவர்கள், குத்தகை விவசாயிகளின் டெனிம் ஓவராலை அணிந்து அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்தது வேடமா? இல்லை. அந்த உடையோடு சேர்ந்து வரும் அடியையும் சிறையையும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், ஜாமீனைத் தாங்களே ரத்து செய்தார்கள். ஆனால் அந்தக் கறுப்பின உரிமை இயக்கத்துக்குள்ளேயே இன்னொரு பழக்கம் வலுவாக இருந்ததை மறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் உடையில், இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாக ஊர்வலம் வந்தவர்களே அதிகம். மதிப்பு மறுக்கப்பட்டவனுக்குக் கசங்காத சட்டை ஒரு கோரிக்கை மனு. அம்பேத்கரின் கோட்டு சூட்டும் அப்படித்தான், 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவரும் வரை நடந்த தோள்சீலைப் போராட்டமும் அப்படித்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்த்த சமூகங்களில், கசக்காமல் கட்டும் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. 1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்–ஆஷ்பரி தெருக்களில் ஒட்டுப்போட்ட ஜீன்ஸோடு திரிந்த ஹிப்பிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். கணிசமானோர் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். வியட்நாம் போருக்கு எதிரான அவர்கள் கோபம் பொய்யில்லை, ஊருக்குத் திரும்பினால் வீடு இருந்ததும் பொய்யில்லை. அதே நகரத்து லீவைஸ் நிறுவனம் 1973-இல் டெனிம் கலைப் போட்டியே வைத்தது. யார் ஜீன்ஸில் என்ன ஒட்டு, என்ன தையல் என்று பார்த்துப் பரிசு கொடுத்தது. எதிர்ப்பு, ஆறே வருடத்தில் வாடிக்கையாளர் சேவைக்குள் வந்துவிட்டது.

ஒட்டுப்போடவும் நைந்துபோகவும் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தை விலைக்கு வாங்க முடியுமா என்று சந்தை கேட்டபோது, பதில் டெக்சாஸிலிருந்து வந்தது. மெக்சிகோ எல்லையில் இருக்கும் எல் பாசோ அப்போதே கால்சட்டை நகரம். 1972 முதல் 1974 வரை ஃபாரா ஆலையின் ஏறத்தாழ 4,000 தொழிலாளர்கள், பெரும்பாலும் மெக்சிக அமெரிக்கப் பெண்கள், சங்கம் வைக்கும் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்து வென்ற ஊர். அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் அங்கே தையல் ஆலைகளோடு சலவை ஆலைகளும் பெருகின. புது ஜீன்ஸைப் பழசாக்குவதுதான் இவற்றின் வேலை. கையால் செய்யும் முறை இது: காற்றடைத்த ரப்பர் கால்களில் ஜீன்ஸை மாட்டி விறைப்பாக நிறுத்துவார்கள். தொடையில் உப்புத்தாள் போட்டு மேலும் கீழும் தேய்ப்பார்கள், உட்கார்ந்து எழுந்து வெளுத்ததுபோல் வரும். இடுப்பு மடிப்பில் பூனை மீசை மாதிரிக் கோடுகள். பாக்கெட் ஓரத்தையும் கால் விளிம்பையும் சின்ன அரவைச் சக்கரத்தில் காட்டினால் நூல் பிசிறும். பிறகு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் தெளித்தால் முதலில் ஊதா, காய்ந்தால் பழுப்பு, பழுப்பை நீக்கும் ரசாயனத்தில் அலசி எடுத்தால் வெளுப்பு. எரிமலைக் கல்லோடு சேர்த்து ராட்சத வாஷிங் மெஷினிலும் உருட்டுவார்கள். நாலைந்து வருடம் வேலை செய்து தேயும் துணியை இப்படி ஒரு நாளுக்குள் தேய்க்கலாம். தேய்ப்பவருடைய சொந்தக் கால்சட்டையும் இதற்கிடையில் தேயும், அதற்கு விலை கிடையாது. இதைவிடக் கொடியது மணல் வீச்சு. பிற்பாடு துருக்கியில் மூடிய அறைகளுக்குள் ஜீன்ஸ் மேல் மணலைப் பாய்ச்சி வெளுக்க வைத்த இளைஞர்கள், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரும் சிலிகோசிஸ் நுரையீரல் நோயில் இறந்தார்கள். அந்நாடு 2009-இல் அதைத் தடைசெய்தது, லீவைஸும் எச் அண்ட் எம்மும் 2010-இல் கைவிடுவதாக அறிவித்தன. உழைத்துத் தேய்ந்ததுபோல் ஒரு துணியைக் காட்ட உண்மையாகவே உழைத்துத் தேய்ந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

இன்னொரு மறுப்பு, இதைவிட வலுவானது. பணக்காரரும் ஏழையும் ஒரே ஜீன்ஸ் போடும் நாடு, பட்டு வேட்டியும் அரைத்துண்டும் ஆளைப் பிரித்த நாட்டைவிட மேலானது அல்லவா? ஆம், பாதி உண்மை. 1873-இல் சுரங்கக்காரர்களுக்குச் செம்பு ஆணி அடித்து விற்ற கால்சட்டை, நூறு ஆண்டில் எல்லார் காலுக்கும் ஏறியதில் ஒரு சமத்துவம் இருக்கத்தான் செய்கிறது. மீதிப் பாதியைக் காட்ட 2012 ஒன்று போதும். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் போட்டிருந்தது தொப்பி வைத்த ஹூடி. அந்த ஹூடியே அவனைச் சந்தேகத்துக்கு ஆளாக்கியது என்று ஒரு தொலைக்காட்சிப் பிரபலம் பேசினார். மார்ச்சில் அதைக் கண்டித்து ஹூடி அணிந்து பேசிய பாபி ரஷ் என்ற உறுப்பினர் பிரதிநிதிகள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மே மாதம் மென்லோ பார்க்கிலிருந்து கிளம்பிய மார்க் ஸக்கர்பெர்க் அதே வகை உடையோடு நியூயார்க் முதலீட்டாளர்கள் முன் வந்தார். முதிர்ச்சியில்லை என்று ஓர் ஆய்வாளர் முணுமுணுத்ததைத் தவிர ஒன்றும் நேரவில்லை. அந்த மாதமே ஃபேஸ்புக் 104 பில்லியன் டாலர் மதிப்பில் பங்குச்சந்தைக்குப் போனது. துணி ஒன்று, ஜாமீன் வேறு. டெக்சாஸிலும் இதே கணக்குத்தான்: 2007-இல் டாலஸ் நகரில், இடுப்புக்குக் கீழே தொங்கும் கால்சட்டையை மேலே இழுக்கச் சொல்லிக் கறுப்பின இளைஞர்களைக் குறிவைத்துப் பெரிய பலகைகள் வைத்தார்கள். அதே ஆண்டு அங்கே மால்களில் முழங்கால் கிழிந்த ஜீன்ஸ் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழை பகட்டினாலும் தண்டனைதான். எல் பாசோவில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பச்சூக்கோ பாணியில், தொளதொள கோட்டும் அகலக் கால்சட்டையும் போட்ட மெக்சிக அமெரிக்க இளைஞர்களை 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கடற்படையினர் அடித்துத் துணியை உரித்தார்கள்.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் இதைச் சௌகரியம் என்று விளக்குவார்கள். கணினி நிரல் எழுதுபவருக்கு டை எதற்கு, காலையில் என்ன உடுத்துவது என்று யோசிக்கும் நேரம் மிச்சம் என்பார்கள். சௌகரியம் உண்மை. ஆனால் சௌகரியத்துக்கு உடுத்துபவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். பே ஏரியாவில் தமிழ்ப் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் சாயம் மங்கிய கம்பெனி டீ-ஷர்ட்டில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலருடைய தந்தை, சென்னையிலோ மதுரையிலோ இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை இல்லாமல் ஆபீஸ் படி ஏறியிராதவர். தலைமுறை மாறியதில் ரசனை மாறியது கொஞ்சம், இடுப்பில் ஆடும் அடையாள அட்டை செய்வது நிறைய. அந்த அட்டை இல்லாமல் அதே டீ-ஷர்ட்டோடு சான் ஹோசே பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைச் சமூகம் எப்படிப் பார்க்கும் என்று யாருக்கும் தெரியாமலில்லை. அட்டை கிடைக்காத இடத்தில் விலைச்சீட்டே அட்டையாகிவிடுகிறது. 2017-இல் நார்ட்ஸ்ட்ரம் கடை, பொய்ச் சேறு பூசிய ஜீன்ஸை 425 டாலருக்கு விற்றது. 2022-இல் பலென்சியாகா, கிழித்து அழுக்காக்கிய காலணியை நூறே ஜோடி செய்து 1,850 டாலர் விலை வைத்தது. பார்ப்பவர்கள் திட்டினார்கள். அந்தத் திட்டுதான் விலையை ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தது, சேற்றுக்கு ஜாமீனும் கிடைத்துவிட்டது.

பழையதை உடுத்துவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சொந்த உடம்போடு சேர்ந்து மூத்த துணிக்கு ஓர் அழகு உண்டு. சாயம் ஓடிய மெட்ராஸ் சட்டையை நேசித்த அமெரிக்க மாணவன் அதைக் கண்டது பொய்யில்லை; இயந்திரக் கட்டத்தில் இல்லாத மங்கல், கலங்கல், ஒரு நிறத்தின் ஓரத்தில் இன்னொன்று கசிவது, எல்லாம் கண்ணுக்கு இதம். சிக்கனமும் அதில் இருக்கிறது. பத்து வருடம் ஒரே கோட்டைப் போடுபவர், வருடம் நாலு கோட்டு வாங்குபவரைவிடக் குறைவாகவே பூமியைச் சுரண்டுகிறார். என் சண்டை, வாழாத வாழ்க்கையின் தழும்பை விலைக்கு வாங்குவதோடு. அது சிக்கனம்கூட இல்லை: புதிதாக விற்றிருக்க வேண்டிய ஜீன்ஸுக்குத் தண்ணீரும் ரசாயனமும் கூலியும் சேர்த்துச் செலவழித்து, அதன் ஆயுளில் பாதியைக் கடைக்கு வருமுன்பே தீர்த்துவிடுகிறார்கள்.

அந்தத் தழும்பைச் செய்துகொடுத்த ஊர்களுக்கு வேலையும் நிலைக்கவில்லை. 1990 ஜனவரியில் லீவைஸ் சான் அன்டோனியோவின் சர்சமோரா தெரு ஆலையை மூடுவதாக அறிவித்து 1,150 பேரை வீட்டுக்கு அனுப்பியது, வேலை கோஸ்டா ரிக்கா பக்கம் போனது. வேலையிழந்த பெண்கள் ஃபுவெர்சா யுனிடா என்ற அமைப்பைத் தொடங்கி, சான் ஃபிரான்சிஸ்கோ தலைமையகம் வரை வந்து போராடினார்கள். 1994-இல் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் வந்தபின் எல் பாசோவின் தையலும் சலவையும் எல்லை தாண்டி மெக்சிகோவுக்கு நகர்ந்தன. பூகம்பத்துக்குப் பிறகு 1906-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வலென்சியா தெருவில் கட்டிய ஆலை 2002-இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் லீவைஸ் நடத்திய கடைசி ஆலைகள் சான் அன்டோனியோவில் 2004 தொடக்கத்தில் நின்றன. 2018-இல் நிறுவனம் லேசர் முறையை அறிவித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒருவர் கணினித் திரையில் எங்கே வெளுக்க வேண்டும், எங்கே கிழிய வேண்டும் என்று வரைகிறார். கையால் மணிக்கு இரண்டு மூன்று ஜீன்ஸ் என்று நடந்த வேலையை ஒரு ஜீன்ஸுக்கு 90 விநாடியில் லேசர் முடிக்கிறது. பெர்மாங்கனேட் போகும், நுரையீரல் தப்பும், உப்புத்தாள் பிடித்த கைக்கு வேலையும் போகும். லேசருக்குப் பிறகும் துணியை அலச வேண்டும். அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பது தனிக் கதை. மெக்சிகோவின் தெவாக்கான் ஓடைகளில் தொடங்கி, நொய்யல் ஆற்றுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.